வாடகைதாரர் குற்றத்தில் சிக்கினால்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டை வாடகைக்கு விட்டவர்களும், கழகத்தின் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களும் கேட்டவை.

ஈசூன் வாசகர்: நாலறை வீட்டை ஒருவருக்கு முழுசாக விட்டேன். போதைப்பொருள் வழக்கில் பிடித்துப் போய்விட்டார்கள். பூட்டை மாற்றிவிடலாமா?

பூட்டைத் தொடாதீர்கள். முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சட்டவிரோதப் பயன்பாட்டைத் தடுக்கும் விதி ஒன்றும், மீறினால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி ஒன்றும் வேண்டும். இரண்டும் இருந்தாலும் உடனே உள்ளே போக முடியாது. வாடகை பாக்கி அல்லாத மீறலுக்கு, 1886ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "சட்டவிரோதச் செயல்" என்று மொட்டையாக எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். எந்த விதி, எந்தத் தேதி, என்ன நடந்தது என்று எழுதுங்கள். சரிசெய்யக்கூடிய மீறலென்றால் சரிசெய்யச் சொல்லி, நியாயமான அவகாசமும் கொடுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மீறல் தெரிந்த பிறகு, அடுத்த மாத வாடகை பேநவ் வழியாக வங்கிக் கணக்கில் வந்து விழும், பேசாமல் வைத்துக்கொள்வீர்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக அது ஆகிவிடலாம். "உரிமை பாதிக்காமல் பெற்றேன்" என்று ரசீதில் எழுதியும் தப்ப முடியாது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்றே வக்கீலைப் பாருங்கள்.

பிடோக் அக்கா: உள்வாடகைக்கு விட்ட அறைக்கு என்னிடமும் ஒரு சாவி உண்டு. அங்கே ஏதாவது கிடைத்தால் நானும் மாட்டுவேனா?

நல்ல கேள்வி, அக்கா. போதைப்பொருள் கிடைத்த இடத்தின் சாவி யாரிடம் இருந்ததோ, அந்தப் பொருளும் அவர் வசம் இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதை மறுக்கலாம், ஆனால் மறுத்து நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். சாவி யார் யாரிடம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். சந்தேகமான பொட்டலம் கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், குப்பைச் சரிவில் போடவும் வேண்டாம். போலீஸைக் கூப்பிடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வாடகைக்கு வந்த வெளிநாட்டவரின் பெர்மிட்டை ஏஜெண்ட்தான் பார்த்தார். அது போதாதா?

போதாது. அசல் அனுமதிச் சீட்டைப் பாருங்கள், கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள், மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு ஆணையத்திடமோ சரிபாருங்கள். மூன்றையும் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். சட்டவிரோதக் குடியேறிக்குத் தெரிந்தே அடைக்கலம் கொடுத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை.

ஜூரோங் வாசகர்: வாடகைதாரர் வீட்டில் நண்பர்களோடு மாஜோங் ஆடுகிறார், காசு வைத்து.

வீட்டில் உறவும் நட்பும் ஆடினால் குற்றமில்லை. சத்தம் தொந்தரவென்றால் அவரிடமே சொல்லுங்கள்.

புக்கிட் மேரா அம்மா: கழகத்தின் ஈரறை வாடகை வீடு. மகன் போதைப்பொருளில் பிடிபட்டான். என்னையும் வெளியேற்றுவார்களா?

அம்மா, உங்கள் ஒப்பந்தம் கழகத்தோடு. அது மீறப்பட்டால் முறிக்கும் உரிமை கழகத்துக்கு உண்டு. கடிதம் வந்தால் பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள். குடும்ப சேவை நிலையச் சமூக ஊழியரைக் கூட்டிக்கொண்டு போய், உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எழுத்தில் கொடுங்கள்.

செங்காங் வாசகர்: வரிப்பணத்தில் கட்டிய வீடு. அமெரிக்காவில் ஒருவர் தப்பு செய்தால் குடும்பமே காலி. இங்கே ஏன் தயக்கம்?

நீங்கள் சொல்வது 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓக்லாந்து வழக்கில் சொன்னது. குடியிருப்பவருக்கே தெரியாவிட்டாலும், வீட்டாளோ விருந்தாளியோ போதைப்பொருளில் ஈடுபட்டால் வெளியேற்ற இடமுண்டு என்றது. "வெளியேற்றலாம்" என்றது, "வெளியேற்றியே ஆகவேண்டும்" என்று சொல்லவில்லை. அது அவர்கள் நாட்டுச் சட்டம், நமக்கு அல்ல.

செங்காங் வாசகர்: அப்படியானால் பயம் எங்கிருந்து வரும்?

பிரம்படியும் தூக்குமேடையும் இருக்கிற ஊரில் பயத்துக்கு என்ன பஞ்சம், ஐயா? தாயைத் தெருவில் விட்டால் மகன் திருந்துவான் என்பது உங்கள் கணக்கு. அவன் விடுதலையாகி வரும்போது போய்ச் சேர ஒரு முகவரி வேண்டும் என்பது என் கணக்கு.

தெம்பனீஸ் வாசகர்: வாடகைதாரர் கைதாகிவிட்டார். பூட்டை...

ஈசூன்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கும் அதே பதில்தான்.