140 போதும் என்ற மருத்துவர் இப்போது 130-க்குக் கீழ் கேட்பது ஏன்?

68 வயதான உங்கள் அப்பாவுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் எண் 138 இருக்கிறது, 140-க்குள் இருந்தால் போதும் என்று சொல்லிவந்த மருத்துவர் இப்போது 130-க்குக் கீழே வரவேண்டும் என்று இரண்டாவது மாத்திரையை எழுதியிருக்கிறார், இது மாத்திரை விற்பதற்கான வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் அம்மாவுக்காக இதே கேள்வியோடு பல மாதங்கள் அலைந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

இந்த மாற்றத்தின் முக்கியமான வேர் அமெரிக்காவில் அரசு நிதியில் நடந்த ‘ஸ்பிரிண்ட்’ என்ற ஆய்வு. இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்த, 50 வயதைத் தாண்டிய 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 140-க்குக் கீழும் மறுபாதியினருக்கு 120-க்குக் கீழும் இலக்கு வைத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை முதல் பிரிவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 22 பேருக்கு வந்தபோது இரண்டாம் பிரிவில் 17 பேருக்குத்தான் வந்தன. இறப்பும் கால் பங்குக்கு மேல் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 2015-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. சீனாவில் சர்க்கரை நோயாளிகள் 12,821 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ‘பிபிரோட்’ ஆய்விலும் முடிவு 120-க்குக் கீழ் என்ற இலக்கின் பக்கமே சாய்ந்தது. ஆகவே, அந்த 120-ஐவிடத் தளர்வான 130-ஐக் கேட்கும் உங்கள் மருத்துவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த 120 எப்படி அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்பிரிண்ட் ஆய்வில் நோயாளி முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருப்பார். அதன்பிறகு தானியங்கிக் கருவி மூன்று முறை அளந்து சராசரி எடுக்கும். பல மையங்களில் அந்நேரம் அறையில் வேறு யாரும் இருந்ததில்லை. என் அம்மாவுக்கு நடந்ததோ வேறு. மாடிப்படி ஏறி, ஒரு மணி நேரம் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் விரைந்து உள்ளே போய் அமர்ந்த அடுத்த நிமிடமே புடவைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். கை எதன்மீதும் தாங்கலாக இல்லை. செவிலியரின் கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 158 என்று காட்டியது, மாத்திரையின் அளவு கூடியது. இரண்டு வாரத்தில், விடியற்காலையில் எழுந்து நின்றவர் கண் இருட்டிக் கதவைப் பிடித்தபடியே தரையில் அமர்ந்துவிட்டார். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே முறையாக அளந்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவந்தோம், சராசரி 118. தாளைப் பார்த்த மருத்துவர் மறுபேச்சின்றி அளவைக் குறைத்தார். ஸ்பிரிண்டிலும் 120-க்குக் கீழ் என்ற இலக்கோடு சிகிச்சை பெற்றவர்களிடம் தாழ் அழுத்தம், மயக்கம், உப்புச்சத்துக் குலைவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடுதலாகவே காணப்பட்டன. பலனைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது மாத்திரை என்பதற்காக அஞ்ச வேண்டாம். இந்தியாவில் 32 மருத்துவமனைகளில் 1,981 பேரிடம் நடந்த ‘டாப்ஸ்பின்’ ஆய்வு, ஆம்லோடிபின், பெரிண்டோபிரில், இண்டபமைட் ஆகிய மூன்று இரத்த அழுத்த மருந்துகளில் எந்த இரண்டை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுத்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நன்றாகக் குறைகிறது என்று காட்டியது. நம் நாட்டு உடல்களில் சோதித்துக் கிடைத்த விடை என்பதால் எனக்கு இதன்மீது தனி மதிப்பு உண்டு.

மருத்துவர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மேற்கையில் சுற்றும் கருவியால் அப்பாவுக்கு ஏழு நாள் அளந்து, ஒவ்வொரு முறையும் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அமர்ந்து அளந்தபின் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். நிற்கும்போது எண் 20-க்கு மேல் இறங்கினாலோ தலை சுற்றினாலோ, அடுத்த முறை வரும்வரை காத்திராமல் அந்தத் தாளோடு உடனே மருத்துவரைப் பாருங்கள்.