புரதமே தராத ஆர்.என்.ஏ. ரத்தக்குழாய்த் தசையை எப்படி மாற்றுகிறது?

பாளையங்கோட்டையில் முதுநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பிலும் அடிக்கடி வரும் கேள்விதான் இது. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.விலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறு; அதன் ஒவ்வோர் அலகையும் ஓர் எழுத்து என்போம். 200 எழுத்துகளுக்கு மேல் நீளமுள்ள இந்த நீள ஆர்.என்.ஏ.க்கள் புரதம் தராவிட்டாலும் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். எதை, செல்லின் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தமனிச் சுவரின் மென்தசைச் செல்லுக்குச் சுருங்கி விரிவதுதான் வேலை. ஆனால் காயம் பட்டால் அந்த வேலையை விட்டுவிட்டுப் பெருகும், உள்பக்கமாக நகர்ந்து வந்து குவியும். எங்கள் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடி அடைப்பு வந்தது. "அதான் வலைய வச்சாச்சுல்லா, பெறகு எப்படில அடைக்கும்?" என்று என்னைக் கேட்டார். இப்படி மறுபடி அடைப்பதில் இந்தச் செல்களுக்குத்தான் பெரிய பங்கு.

செல்லின் சுருங்கும் குணத்தைக் காப்பது மயோகார்டின் என்ற புரதம். 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்.ஆர்.எஃப். என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து, சுருங்குவதற்கு வேண்டிய ஆக்டின், மயோசின் ஜீன்களை முடுக்கிவிடும். கார்மன் என்ற நீள ஆர்.என்.ஏ. இந்த மயோகார்டினை நேரடியாகப் பற்றி அதன் வலுவைக் கூட்டுகிறது என்று 2021-இல் காட்டினார்கள். கொழுப்புப் படிந்து தடித்த தமனியில் கார்மன் குறைந்துவிடுகிறது.

நீட்1 என்ற நீள ஆர்.என்.ஏ. இதற்கு நேர் எதிர். டபிள்யூ.டி.ஆர்.5 என்ற புரதம் வந்து உட்கார்ந்தால்தான் சுருங்கு ஜீன்கள் இருக்கும் இடம் திறந்திருக்கும். காயத்துக்குப் பின் கூடும் நீட்1, உட்கருவுக்குள் அந்தப் புரதத்தைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்கிறது. ஜீன்கள் அடங்கிப்போகின்றன, செல் பெருகத் தொடங்குகிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். ஒரு மூலக்கூறு எதையும் புதிதாகச் செய்யாமல், இருப்பதை இடம் மாற்றியே செல்லின் போக்கைத் திருப்புகிறது.

எல்லாம் உட்கருவுக்குள்தான் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2014-இல் வெளிவந்த சென்கர் என்ற நீள ஆர்.என்.ஏ. இருப்பது உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். அதைக் குறைத்தால் மயோகார்டினும் குறைகிறது, செல்கள் அதிகம் நகர்கின்றன.

அப்புறம், கட்டுரை வாசிக்கும்போது சோதனை எந்த உயிரின் செல்லில் நடந்தது என்று முதலில் பாருங்கள். இவ்வகை ஆர்.என்.ஏ.க்களின் வரிசை உயிரினத்துக்கு உயிரினம் வெகுவாக மாறும். எலியில் கிடைத்ததை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. மருந்தாக்குவதில் பெரிய தடை இதுதான் என்பது என் கருத்து. அதனால்தான் செல் பெருக்கத்தைத் தூண்டும் ஸ்மைலர் என்ற நீள ஆர்.என்.ஏ.வை, மனிதக் கால் சிரையிலிருந்து வளர்த்த செல்களில் ஆராய்ந்தார்கள்.