மூடிய ஆலையின் கிணறும் குழாயும்: ‘நீர் உரிமை’ என்று பேரூராட்சி எதை வாங்குகிறது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர் நான். ஊரில் ஏறக்குறைய 15,000 பேர். கோடையில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விடுவதே பெரும்பாடு. மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையின் நிர்வாகம், ஆற்றோரத்தில் உள்ள கிணறு, இரண்டு ஆழ்துளைக் கிணறுகள், அங்கிருந்து ஆலை வரை வரும் 4 கிலோமீட்டர் குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றையும் ‘நீர் உரிமை சகிதம்’ பேரூராட்சிக்கு விற்க முன்வந்திருக்கிறது. கேட்கும் தொகையில் பாதிக்கு மேல் நீர் உரிமைக்கு என்றே மதிப்பீட்டில் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் நகரங்கள் இப்படித்தான் வாங்குகின்றன என்கிறார் அவர்களுடைய ஆலோசகர். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் ‘அந்தக் கிணற்றில் எங்களுக்கு முறை உண்டு’ என்கிறார். குழாயில் பாதி தூரம் பட்டா நிலங்களின் வழியாகப் போகிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. ஆலையின் பழைய கிரயப் பத்திர நகலையும் மதிப்பீட்டுத் தாளையும் இணைத்துள்ளேன். ஆதரிக்கலாமா?

பதில்: கிணறு இருக்கும் நிலத்தையும் தொட்டியையும் வாங்கலாம். குழாயை யோசித்து வாங்கலாம். ‘நீர் உரிமை’ என்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நம் சட்டத்தில் அப்படித் தனியாக விற்க ஆலையின் கையில் ஒன்றும் இல்லை.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நமக்கு இன்றும் அடிப்படை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம்தான். தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த கால்வாயாக ஓடாமல் ஊறிக்கிடக்கும் தண்ணீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்று அதன் 7-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. இந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை வாங்கினால் கூடவே வந்துவிடும், அதற்குத் தனி விலை கிடையாது. அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள பாத்தியம், அதாவது வசதியுரிமை என்றால் இன்னும் தெளிவு. வசதியுரிமையை அது சார்ந்த நிலத்திலிருந்து பிரித்து மாற்றிக் கொடுக்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6(சி) பிரிவு நேராகவே தடுக்கிறது.

ஆற்றுத் தண்ணீரோ அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. இயற்கையாக ஓடும் ஆறுகளின் நீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள அதிகாரத்தை அதே வசதியுரிமைச் சட்டம் 2-ஆம் பிரிவிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது. நீங்கள் இருப்பது காவிரிப் படுகை. மாநிலங்களுக்கு இடையே டிஎம்சி கணக்கில் பங்கிட்டு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சி என்று முடிவு சொன்ன தண்ணீர் அது. அதில் ஒரு பங்கைத் தன் உரிமை என்று ஒரு நூற்பாலை விற்க முடியாது. ஆற்றிலிருந்து எடுக்க ஆலைக்குப் பொதுப்பணித் துறை எப்போதாவது அனுமதி கொடுத்திருந்தால், அது அந்த ஆலைக்கு, அந்த உபயோகத்துக்கு, அந்த அளவுக்குக் கொடுத்த அனுமதி. பேரூராட்சி இப்போது நீர்வளத் துறையிடம் தன் பெயரில் புதிதாகக் கேட்க வேண்டும். நிலத்தடி நீர் எடுக்க ஆலை வாங்கிய தடையில்லாச் சான்றும் அப்படியே. குடிநீருக்கு என்று உள்ளாட்சி அமைப்பு கேட்கும்போது அதற்குக் கிடைக்கும் முன்னுரிமை ஆலைக்கு ஒருநாளும் கிடைத்திருக்காது. உங்களுக்கு அரசே தரக்கூடிய ஒன்றை ஆலையிடம் காசு கொடுத்து வாங்குவானேன்?

அமெரிக்க உதாரணம் பொய்யல்ல, ஆனால் இங்கே பொருந்தாது. மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரம் தன் குடிநீரை விநியோகித்து வந்த தனியார் நிறுவனத்தை வழக்காடிக் கையகப்படுத்தியது. 8 கோடியே 86 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டு, 2017 ஜூனில் கிணறுகளும் குழாய்களும் நீர் உரிமைகளும் நகரத்தின் கைக்கு வந்தன. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது சட்டம். அந்த உரிமைக்குத் தேதியும் அளவும் உண்டு, நிலத்திலிருந்து பிரித்து விற்கவும் முடியும். நம் சட்டம் அந்த வழியில் வந்ததில்லை. ஆலோசகரிடம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இந்த உரிமை விற்பனைக்கு உரியது என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி நீங்கள் அனுப்பிய பத்திரம். நான் அதிக நேரம் செலவிட்டது அதன் சொத்து விவரத்தில்தான். அங்கே இப்படி இருக்கிறது: “மேற்படி நான்கெல்லைக்கு உட்பட்ட பூமியும், அதிலுள்ள கிணற்றில் பொதுவில் முக்கால் பாகமும், இறவை முறைப் பாத்தியமும், மாமூல் தட வாய்க்கால் பாத்தியமும்.” ‘இறவை முறை’ என்பது முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் உரிமை. முக்கால் பாகம் என்று எழுதியிருந்தால் மீதிக் கால் பாகம் வேறொருவருடையது. பூமியை விற்ற குடும்பம் பக்கத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கால் பாகத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எதிர்ப்புத் தெரிவிப்பவர்களில் ஒருவர் ‘அந்தக் கிணற்றில் எங்களுக்கு முறை உண்டு’ என்றதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் சொல்வது இதைத்தான். கொங்குப் பகுதியில் பத்திரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படாமல் போகாது. ஆலைத் தரப்பின் மதிப்பீட்டுத் தாளிலோ ‘கிணறு 1’ என்று முழுக் கிணறாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கூட்டுப் பாத்தியக் கிணற்றில் முக்கால் பாகத்தை வாங்குகிறவர் கால் பாகத்துக்காரரின் முறையைத் தடுக்கும்படி தண்ணீரை இறைத்து ஊருக்கு ஓட்ட முடியாது. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டால் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஆகவே அவரையும் அவர் குடும்பத்து வாரிசுகள் அனைவரையும் பேச்சுவார்த்தைக்கு அழையுங்கள். அவர்கள் விருப்பப்பட்டால் கால் பாகத்தையும் உரிய விலை கொடுத்து வாங்கலாம். விருப்பமில்லை என்றால் வாரத்தில் எத்தனை மணி நேரம் யார் இறைப்பது, மழை பொய்த்த ஆண்டில் எப்படி என்பதை எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது நடக்காமல் கிரயம் வேண்டாம்.

குழாய் விஷயத்தில்தான் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் பெரும்பாலும் ஏமாறுகின்றன. 4 கிலோமீட்டரில் பாதி தூரம் பட்டா நிலங்களின் வழியாகப் போகிறது என்கிறீர்கள். அந்தத் தோட்டக்காரர்களிடம் ஆலை பதிவு செய்த பாத்தியப் பத்திரம் வாங்கியிருக்கிறதா, அல்லது ‘குழாய் போட்டுக்கொள்ள ஆட்சேபணை இல்லை’ என்று வெறும் சம்மதக் கடிதம்தானா? வெறும் கடிதம் என்றால் அது உரிமம் மட்டுமே. உரிமத்தைப் பெற்றவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்பது வசதியுரிமைச் சட்டம் 56-ஆம் பிரிவின் பொது விதி. கடிதம் கொடுத்தவர் நிலத்தை விற்றிருந்தால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்கிறது 59-ஆம் பிரிவு. உரிமத்தை நம்பிச் செலவு செய்து நிரந்தர வேலை செய்தவரிடம் அதைத் திரும்பப் பெற முடியாது என்ற 60-ஆம் பிரிவின் பாதுகாப்பு ஆலைக்குக் கிடைக்கலாம். அது அப்படியே பேரூராட்சிக்கும் வந்துவிடும் என்று நம்பிப் பொதுப்பணத்தைப் போட முடியாது.

20 ஆண்டுகளுக்கு மேல் குழாய் ஓடியது, அனுபோகத்தால் பாத்தியம் வந்துவிட்டது என்று ஆலைத் தரப்பு சொல்லும். சம்மதம் வாங்கி அனுபவித்தது அனுபோகப் பாத்தியம் ஆகாது. ஒருவேளை பாத்தியம் உண்டென்றே வைத்துக்கொண்டாலும் அது ஆலை வளாகத்தின் பயனுக்கு வந்த பாத்தியம். நீங்கள் ஆலை வளாகத்தை வாங்கவில்லை. அதன் பெயரில் 15,000 பேருக்குத் தண்ணீர் கொண்டுபோவதைத் தோட்டக்காரர்கள் எதிர்த்தால் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கும். எனவே ஒவ்வொரு நிலக்காரரிடமும் பேரூராட்சியின் பெயரில், குழாய்த் தடத்தின் அகலத்தையும் பழுது பார்க்க உள்ளே வரும் உரிமையையும் இழப்பீட்டையும் குறிப்பிட்டுப் புதிய பத்திரம் பதிய வேண்டும். மீதித் தூரம் சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையிடம் உங்கள் பெயரில் புது அனுமதி வேண்டும். இந்தச் செலவை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பழைய குழாயை விட்டுவிட்டுப் புதுத் தடம் போடுவது மலிவாக இருக்கலாம். பொறியாளரிடம் இரண்டு கணக்கும் கேளுங்கள்.

பம்ப் அறை எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்பதைப் புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) வைத்து அளந்து பாருங்கள். ஆற்றோரக் கட்டடங்களில் ஒரு பகுதி புறம்போக்கில் நிற்பது சகஜம். அரசு நிலத்துக்கு ஆலைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று திருப்தி அடையாதீர்கள். ஆலைகள் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவது வழக்கம். பழைய ஈடுகள் வில்லங்கத்தில் ஏறாமலே இருக்கலாம். விற்பது கம்பெனி என்பதால் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள அடமானப் பதிவைத் தேடுங்கள், அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். கம்பெனி மீது திவால் சட்டத்தின்கீழ் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு ஏற்கப்பட்டிருந்தால் இயக்குநர்களுக்கு விற்கும் அதிகாரமே இல்லை. தொழிலாளர் பாக்கி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களும் உங்கள் வார்டில்தானே இருப்பார்கள்.

மின் இணைப்பு விவசாயப் பெயரில் இலவச இணைப்பாக இருந்தால் அதை வைத்து ஊருக்கு இறைப்பது மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். புது இணைப்பு வாங்கியாக வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரர்களின் எதிர்ப்பை இடைஞ்சல் என்று தள்ளாதீர்கள். தன் நிலத்தில் இறைத்ததால் அடுத்தவர் கிணறு வற்றினாலும் வழக்கு நிற்காது என்பது பழைய சட்டம். அந்தச் சட்டம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. கோக-கோலா ஆலை நிலத்தடி நீர் எடுத்தது குறித்த பிளாச்சிமடை வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003-இல் நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நில உரிமையாளர் நியாயமான அளவு எடுக்கலாம் என்றது. நியாயமான அளவு என்ற வரம்பை அந்த அமர்வும் விடவில்லை. எடுப்பது தனியார் கம்பெனியாக இல்லாமல் அரசமைப்புக்குக் கட்டுப்பட்ட உள்ளாட்சி என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு வரும், வாழ்வுரிமை பேசப்படும். அவர்கள் தென்னையைக் காய விட்டு ஊருக்குத் தண்ணீர் கொடுப்பதை நானும் ஏற்கமாட்டேன்.

அதற்குச் சரியான வழி, குடிநீர் வடிகால் வாரியத்தின் நிலநீர் வல்லுநரை வைத்து ஏப்ரல், மே மாதத்தில் ஊற்றுத்திறன் சோதனை நடத்துவது. பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அதே நாட்களில் அளக்க வேண்டும். நகர்ப்புறக் குடிநீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிட்டால் உங்கள் ஊருக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. ஆலையின் தாளில் உள்ள நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் உண்மையாகவே இருந்தாலும் கால்வாசிதான் தீரும். ஆலை அந்த அளவைக் கண்ட சோதனை எந்த மாதம் நடந்தது என்பதும் தாளில் இல்லை. தண்ணீரின் தரத்தையும் இந்தியத் தர நிர்ணயம் 10500-இன்படி சோதியுங்கள். மொத்தக் கரைதிடம் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது.

வரும் கூட்டத்தில் ‘வாங்கலாம்’ என்ற தீர்மானத்தை நேரடியாக எதிர்த்தால் தண்ணீர் வருவதைத் தடுத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும். திருத்தம் கொடுங்கள். கால் பாகத்துக்காரர்களின் பதிவு செய்த ஒப்பந்தம், குழாய்த் தடத்துக்கான பத்திரங்கள், கோடைச் சோதனை அறிக்கை, அடமானம் இல்லை என்ற சான்று, நீர்வளத் துறையின் அனுமதி இவை கைக்கு வந்த பிறகு நிலம், கட்டடம், தளவாடம் ஆகியவற்றின் தேய்மானம் கழித்த மதிப்பில் மட்டும் வாங்குவது என்று எழுத வேண்டும். மதிப்பீட்டிலுள்ள ‘நீர் உரிமை’ இனத்தை நீக்க வேண்டும். பேரூராட்சிகள் இயக்ககத்தின் ஒப்புதலுக்குப் பின்பே முன்பணம் என்றும் சேர்த்துவிடுங்கள். உங்கள் திருத்தத்தைச் செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மதக் கடிதங்களின் நகல்கள் கிடைத்தால் அனுப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் யார், எந்தச் சர்வே எண்ணுக்கு, எந்த உபயோகத்துக்குச் சம்மதித்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.