பழைய கதவு, பித்தளைச் சாமான்: எதைப் பார்த்து வாங்குவது?

மதுரையில் வாங்கிய புது பிளாட்டைப் பழைய கதவு, தூண், பித்தளைச் சாமான்களால் அலங்கரிக்க வேண்டும், எங்கே போவது, அசல் பழசு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள், சுமார் 90 கிலோமீட்டர்தான். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள், தூண்கள், எனாமல் தூக்குகள் எல்லாம் அங்கே விலைக்கு வரும்.

மரத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். புழங்கிய கதவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கை பட்ட வளையத்தைச் சுற்றி வழுவழுவென்றும், சாரல் அடித்த அடிப்பக்கம் நார் நாராகவும் இருக்கும். முழுக்கச் சீராகத் தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், திருப்பிப் போட்டுத் தட்டுங்கள். ஊசித் துளைகளிலிருந்து மாவாகத் தூள் கொட்டினால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பூச்சி வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் பரவும்.

பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்கினால் போதும். மெஷின் பாலிஷ் போட்டால், சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் மழுங்கிப்போகும். அந்தப் பெயருக்காகவே வாங்கலாம் என்பேன்.

சிலை விஷயத்தில் மட்டும் கவனம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஆவணம் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.