கேட்காமல் வாங்கிய வரி

அன்புள்ள ஐயா,

லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பணி அட்டவணை போடும் வேலையில் இருக்கிறேன். 2024 ஜூலையில் தொழிலாளர் கட்சிக்கு வாக்களித்தேன். 411 இடங்களோடு வந்தார்கள். ஓராண்டுக்குள் எங்கள் தெருவில் அவர்களை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. இடதுசாரிகளுக்குக் கணக்கு வராது என்கிறார் என் மைத்துனர். சந்தை மிரட்டும்போது பாவம் அவர்கள் என்ன செய்வார்கள் என்கிறார் ஒரு நண்பர். எங்களைப் போன்றவர்களிடம் ஒரு பென்னிகூடக் கேட்காமல் பெரும்பணக்காரர்களின் சொத்துக்கு வரி போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். அடுத்த முறை பசுமைக் கட்சிக்குப் போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் வேலையை ஒரே வரியில் சொல்லிவிட்டு அரசியலுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். பிரிட்டிஷ் தொழிலாளர் கட்சி தன் நம்பகத்தன்மையை எங்கே இழந்தது என்று கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் அந்தப் பணி அட்டவணையில்தான் என்று தோன்றுகிறது.

மைத்துனரின் பேச்சை விடுங்கள். 2008க்கு முன் பிரிட்டனின் பொதுக்கடன் ஆண்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அதை ஏற்றிவிட்டது வங்கிகளின் சரிவு. 2010இல் பதவி இழந்த தொழிலாளர் அரசின் அமைச்சர் லியம் பைர்ன் கருவூலத்தில் விட்டுப்போன 'பணம் இல்லை' என்ற துண்டுக்கடிதத்தை 2015 தேர்தலிலும் கன்சர்வேடிவ் பிரதமர் டேவிட் கேமரன் தூக்கிக் காட்டினார். அந்தக் காகிதத்தை நம்பி இன்னும் வாதாடுகிறவரிடம் பேசிப் பயனில்லை.

உங்கள் நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் நம் பக்கத்து ஆள். 2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய கன்சர்வேடிவ் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். ஈடு எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அரசின் வரவு செலவைச் சுயேச்சையாக ஆராயும் நிதிப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீட்டையும் வெளியிடவில்லை. அரசுக் கடன்பத்திரங்களின் விலை விழுந்தது. அவற்றை ஈடுவைத்திருந்த ஓய்வூதிய நிதிகள் கூடுதல் ஈடு கட்டுவதற்காகப் பத்திரங்களையே விற்க, விலை மேலும் விழுந்தது. செப்டம்பர் 28 அன்று நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தானே பத்திரங்களை வாங்கித்தான் அதை நிறுத்தியது. சந்தை அன்று சீறியது வரி கூட்டியதற்காக அல்ல, வழி காட்டாமல் வரியைக் குறைத்ததற்காக. வெளிப்படையாக வருமான வரியை உயர்த்தும் அரசை எந்தப் பத்திரச் சந்தையும் அப்படித் தண்டித்திருக்காது. தொழிலாளர் அரசின் நிதியமைச்சராக வந்த ரேச்சல் ரீவ்ஸைக் கட்டிப்போட்டது சந்தை அல்ல, அவருடைய சொந்தத் தேர்தல் அறிக்கை.

அந்த அறிக்கை வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின்மீது தொழிலாளரும் வேலை கொடுப்பவரும் தனித்தனியே கட்டுவது), விற்பனைமீதான வாட் மூன்றையும் உழைக்கும் மக்கள்மீது கூட்டுவதில்லை என்று வாக்குறுதி தந்தது. அதற்கு முன்பே 2024 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அன்றைய கன்சர்வேடிவ் நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் தொழிலாளர் செலுத்தும் நேஷனல் இன்சூரன்ஸை 12 சதவீதத்திலிருந்து 10, பிறகு 8 என்று இறக்கியிருந்தார். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி பவுண்டு. அடுத்து வரப்போகும் அரசைச் சிக்கவைக்கும் ஏற்பாடு அது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிர்க்கட்சியாக இருந்த தொழிலாளர் கட்சியினர் அதை எதிர்க்கவில்லை, ஆதரித்தார்கள். பிறகு 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டில், ஏறத்தாழ அந்தத் தொகையையே வேலை கொடுப்பவரின் நேஷனல் இன்சூரன்ஸ் வழியாக எடுக்கப் போனார்கள்.

எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். வீதம் 13.8இலிருந்து 15 ஆனது. எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். உண்மையான அடி வேறிடத்தில் விழுந்தது. எந்தச் சம்பளத்திலிருந்து வரி தொடங்கும் என்ற எல்லை ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாக இறக்கப்பட்டது.

உங்கள் அட்டவணையில் வாரம் 19 மணிநேரம் வேலை செய்யும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, ஆகவே ஆண்டுக்கு 12,000 பவுண்டை ஒட்டி வரும். பழைய கணக்கில் 2,900 பவுண்டுக்கு 13.8 சதவீதம்: 400 பவுண்டு. புதிய கணக்கில் 7,000 பவுண்டுக்கு 15 சதவீதம்: 1,050. இந்த ஒருவருக்காக 650 பவுண்டு கூடுகிறது, அவர் சம்பளத்தில் ஐந்து சதவீதத்துக்கும் மேல். 40,000 பவுண்டு வாங்கும் அலுவலருக்கு ஏறும் தொகை 986 பவுண்டு, அவர் சம்பளத்தில் இரண்டரை சதவீதம்கூட இல்லை. குறைந்த கூலிக்காரர்மீது இரண்டு மடங்கு பாரம். தொழிலாளரின் பெயரைத் தன் பெயரிலேயே சுமக்கும் கட்சி இதைச் செய்தது!

அப்படிப்பட்ட பகுதிநேரப் பணியாளர்கள் 40 பேர் இருக்கும் இல்லத்துக்கு, வேலை கொடுப்பவருக்கு இந்த வரியில் ஆண்டுதோறும் தள்ளுபடியாகும் சலுகைத் தொகையைக் கழித்தபின் முன்பு 11,000 பவுண்டு செலவானது. சலுகையை 5,000இலிருந்து 10,500 ஆக உயர்த்திய பிறகும் இப்போது 31,500. மூன்று நான்கு பேரை வைத்திருக்கும் தெருக்கடை அந்தச் சலுகையால் தப்பிவிடும். இல்லம் தப்பாது. அரசு மருத்துவமனைகளுக்கு ஈடு கிடைத்தது, தனியார் முதியோர் இல்லங்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றுக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு உள்ளாட்சி மன்றங்கள் கட்டுவது, நினைத்தபடி கட்டணத்தை ஏற்ற முடியாது.

இந்த வரி காலப்போக்கில் சம்பள உயர்வைக் குறைத்துவிடும் என்று பொருளாதார வல்லுநர்கள் சொல்வார்கள். ஆனால் குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவரின் கூலியைச் சட்டப்படி குறைக்க முடியாது. பிறகு எதைக் குறைப்பார்கள்? நேரத்தை. 19 மணி 16 ஆகும், விலகிப்போனவரின் இடம் காலியாகவே கிடக்கும், இரவுப் பணியில் மூவருக்குப் பதில் இருவர் இருப்பார்கள். உங்கள் கையால்தான் அந்தக் கட்டங்களை அழிக்க வேண்டியிருந்திருக்கும். அது உங்களை எப்படி வாட்டியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது, நண்பரே. அதன் பெயர் வரி என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

வருமான வரியின் அடிப்படை வீதத்தை ஒரு சதவீதம் கூட்டினால் என்ன ஆகும்? அரசுக்கு ஏறத்தாழ 700 கோடி பவுண்டு. 12,000 வாங்கும் அந்தப் பெண்மணி எதுவும் கட்ட வேண்டாம், 12,570 வரை வரியே இல்லை. 30,000 வாங்குபவருக்கு ஆண்டுக்கு 174 பவுண்டு. அதோடு, வீட்டு வாடகை வருமானமும் தனியார் ஓய்வூதியமும் இதற்குள் வந்துவிடும். நேஷனல் இன்சூரன்ஸ் இவை இரண்டையும் தொடுவதே இல்லை.

இங்கேதான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். 'எங்களிடம் ஒரு பென்னிகூடக் கேட்காமல்' என்று எழுதுகிறீர்கள். அந்த அறிக்கையை எழுதவைத்தது இந்த மனநிலைதான். சொத்து வரி வேண்டும், நானும் ஏற்கிறேன். ஆனால் வீடுகளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் வாங்கும் இங்கிலாந்தின் கவுன்சில் வரி இன்றும் 1991 ஏப்ரலின் வீட்டு மதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடுகளையே மறுமதிப்பீடு செய்யத் துணியாத நாட்டில் ஓவியங்களையும் தனியார் நிறுவனப் பங்குகளையும் மதிப்பிட்டு வசூலிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அறிவித்த கூடுதல் வரிகூட 2028 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. அதுவரை இரவுப் பணிக்கு யார் சம்பளம் கொடுப்பது?

முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கையில் இல்லாத வெட்டு, வென்ற அதே மாதத்தில். சுமார் 140 கோடி பவுண்டை மிச்சப்படுத்தப் போய், அடுத்த ஜூனில் பெரும்பாலோருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கெட்ட பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் குழந்தையிலிருந்து உதவித்தொகை இல்லை என்ற இரண்டு குழந்தை வரம்பும் அப்படியே: 2024 ஜூலையில் அதை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு உறுப்பினர்களைக் கட்சிக்குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தவர்கள், 2025 நவம்பர் பட்ஜெட்டில் தாங்களே நீக்கினார்கள். நீக்கியது நல்லது. அந்த ஏழு பேரிடம் ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அதே நவம்பரில் வருமான வரி வீதத்தை உயர்த்த மனத்தளவில் தயாராகி, கடைசி நேரத்தில் பின்வாங்கி, 12,570 என்ற எல்லையை 2031 வரை உறையவைத்தார்கள். 2026 ஏப்ரலிலிருந்து முழு அரசு ஓய்வூதியம் 12,547 பவுண்டு. எல்லைக்கு 23 பவுண்டுதான் மிச்சம். வீதத்தைத் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டே சின்ன வருமானங்களை வரிக்குள் இழுக்கும் வேலை இது.

வாக்கு உங்களுடையது, பசுமைக் கட்சியோ வேறோ. அதற்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த 5,000 எல்லையை 9,100க்குத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஈடாக அடிப்படை வருமான வரியைக் கூட்டினால் என் பங்கைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் இல்லத்தில் குறைந்த பணிநேரம் எவ்வளவு என்று அட்டவணையிலிருந்து கூட்டி, ஆட்களின் பெயர் இல்லாமல், அதோடு இணைத்து அனுப்புங்கள்.

அன்புடன்