ஆபிஸுக்கும் அதே கார், ட்ராக்குக்கும் அதே கார்: முதல்ல எதுல கை வைக்கணும்?

கோயம்புத்தூர் பீளமேட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கார் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டி.எஸ்.ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல், தினமும் ஆபிஸுக்கு அதுலதான் போறாரு, மாசம் ஒரு தடவை அம்மா அப்பாவ ஊருக்கு கூட்டிட்டு போறதும் அதே கார்தான். செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குல ரெண்டு தடவை ட்ராக் டே (சொந்த கார ட்ராக்குல ஓட்டிப் பார்க்க விடுற நாள்) ஓட்டிட்டாராம். ரெண்டு தடவையும் நாலஞ்சு லேப் ஆனதும் ப்ரேக் பெடல் மெத்துனு உள்ள போயிடுது, திருப்பத்துல ஸ்டியரிங் எவ்வளவு ஒடிச்சாலும் முன்பக்கம் வெளிய தள்ளிட்டே போகுது. கையில 2 லட்சம் இருக்கு, ரீமேப்பும் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர் ஏத்துறது) காய்ல்ஓவரும் (உயரம் மாத்தக்கூடிய ஸ்ப்ரிங்-ஷாக் செட்) போட்டா சரியாகுமா அண்ணான்னு கேக்குறாரு.

சரியாகாதுங்க தம்பி. ரீமேப் பண்ணா அந்த ப்ரேக் பெடல் அஞ்சாவது லேப்புக்கு பதிலா மூணாவது லேப்லயே உள்ள போகும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்க லெட்டர்லயே நோய் என்னன்னு நீங்களே எழுதிட்டீங்க, ஒண்ணு ப்ரேக் ஆயில், இன்னொண்ணு முன் டயர். ரெண்டுக்குமே உங்க 2 லட்சத்துல கால்வாசி கூட தேவைப்படாது.

ப்ரேக்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னா உயிர் அங்கதான் இருக்கு. ஒரு கணக்கு பாருங்க. உங்க கார் ஆளோட சேர்த்து சுமார் 1150 கிலோன்னு வைங்க, 130ல வந்து ஒரு திருப்பத்துக்கு 60க்கு குறைக்கிறீங்க. அந்த ஒரு மிதில வெளிய வர்ற சூட்ட வச்சு ரெண்டு லிட்டர் தண்ணிய கொதி நிலைக்கு கொண்டு வந்துடலாம். ஒரு லேப்ல இப்படி எத்தனை தடவை மிதிக்கிறீங்க, ஒரு செஷன்ல எத்தனை லேப், நீங்களே பெருக்கிப் பாருங்க. அவிநாசி ரோட்டுல ஒரு வருஷம் ஓட்டுனாலும் உங்க ப்ரேக் இந்த சூட்ட பார்த்திருக்காது.

இப்ப பெடல் ஏன் உள்ள போகுதுன்னா, ப்ரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், அது அதோட குணம். டாட் 4 (டாட்ங்கிறது ப்ரேக் ஆயிலோட தர வகை) ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது ஸ்டாண்டர்டு, ஆனா அதே ஆயில்ல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரி தாங்குனா போதும்னு அதே ஸ்டாண்டர்டு சொல்லுது. ரெண்டு மூணு வருஷமா மாத்தாத ஆயில் இருக்கிற காரெல்லாம் அந்த 155 பக்கம்தான் நிக்குது. கொதிச்சா உள்ள நீராவி குமிழ் வரும், ஆயில அமுக்க முடியாது ஆனா ஆவிய அமுக்கலாம், அதனால பெடல் மெத்துனு போகுது. இதையே பேட் (டிஸ்க்க கவ்விப் பிடிக்கிற கட்டை) சூடாகி பிடிக்காம போறதோட குழப்பிக்காதீங்க, அப்ப பெடல் கல்லு மாதிரி கெட்டியாத்தான் இருக்கும் ஆனா கார் நிக்காது. மெத்துனு இருந்தா ஆயில், கெட்டியா இருந்தும் நிக்கலைன்னா பேட். உங்களுக்கு ஆயில்.

நல்ல டாட் 4 இல்லன்னா டாட் 5.1 வாங்கி நாலு வீலயும் ப்ளீட் பண்ணுங்க (பழைய ஆயிலையும் உள்ள இருக்கிற காத்தையும் வெளிய எடுக்கிறது), 5.1க்கு குறைஞ்சபட்சம் புதுசா 260 டிகிரி, தண்ணி சேர்ந்தா 180. டாட் 5ன்னு ஒண்ணு தனியா இருக்கு, அது சிலிக்கான், பேரு ஒரே மாதிரி இருக்கேன்னு அத ஊத்திடாதீங்க, உங்க சிஸ்டத்துக்கு அது ஆகாது. ட்ராக் போறவங்க ஆயில வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும், நான் சீசன் ஆரம்பத்துல ஒண்ணு நடுவுல ஒண்ணு மாத்துறேன்.

பேடுல மட்டும் ஆசைப்படாதீங்க. முழு ரேஸ் பேட் சூடு ஏறுனாத்தான் பிடிக்கும், காலைல எட்டு மணிக்கு ஹோப் காலேஜ் சிக்னல்ல ஒரு ஸ்கூட்டி குறுக்க வரும்போது அது ஜில்லுனு இருக்கும், பிடிக்காது, கத்தும், டிஸ்க்கையும் தின்னும். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவுல இருக்கிற பெர்ஃபார்மன்ஸ் பேடா வாங்கி முன்னாடி மட்டும் போடுங்க, அதுவும் ஆயில் மாத்தின பிறகு ஒரு ட்ராக் டே ஓட்டிப் பார்த்துட்டு தேவைன்னு தெரிஞ்சா மட்டும். புது பேட் போட்டா 80ல இருந்து 20க்கு எட்டு பத்து தடவை, முழுசா நிறுத்தாம, காலி ரோட்டுல மிதிச்சு பழக்கணும், போட்ட அன்னிக்கே ட்ராக்குல ஏத்தாதீங்க. செஷன் முடியிறப்ப கடைசி லேப் ப்ரேக்க தொடாம மெதுவா வாங்க, டர்போவும் ஆறும் ப்ரேக்கும் ஆறும், பிட்ல (ட்ராக் ஓரத்துல கார் நிறுத்துற இடம்) நிறுத்தினதும் ஹேண்ட்ப்ரேக் இழுக்காம கியர்ல போட்டு சக்கரத்துக்கு ஒரு கல்லு வைங்க.

அடுத்து முன்பக்கம் வெளிய தள்ளுற கதை. உங்க கார்ல முன் ரெண்டு டயர்தான் இழுக்குது, திரும்புது, ப்ரேக்குல பெரும்பங்கையும் வாங்குது, பின்னாடி ரெண்டும் கூட வருது. அதனால எந்த இடத்துல தள்ளுதுன்னு முதல்ல கவனிங்க. திருப்பத்துக்குள்ள நுழையும்போதே தள்ளுதுன்னா வேகம் அதிகமா கொண்டு வர்றீங்க இல்ல டயர் காத்து தப்பு, வெளிய வர்றப்ப தள்ளுதுன்னா ஸ்டியரிங் நேராகுறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டர் கொடுக்குறீங்க. ரெண்டாவதுக்கு எந்த கடையிலயும் பார்ட் விக்கிறதில்ல, காலு கொஞ்சம் பொறுக்கணும். தள்ளும்போது இன்னும் ஒடிக்கிறது பெரிய தப்பு, கொஞ்சம் ஸ்டியரிங்க திருப்பி விட்டா டயர் மறுபடி பிடிக்கும், இத ஒரு ட்ராக் டே முழுக்க மட்டுமே பழகுனாக்கூட நல்லது.

காத்து விஷயம் காசே செலவில்லாதது, ஆனா பத்துல எட்டு பேரு பாக்குறதில்ல. ரோட்டுக்கு வச்ச அதே காத்தோட உள்ள போறாங்க, டயர் சூடாக ஆக உள்ள இருக்கிற காத்து விரியும், சுமாரா ஆறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ ஏறும், 40 டிகிரி சூடு கூடுச்சுன்னா ஆறு பி.எஸ்.ஐக்கு மேல ஏறிடும். 33ல உள்ள போனா 39, டயர் நடுவுல உப்பி ஓரம் தரையில படாம ஓடுது. நீங்க காலைல முன்னாடி ஒரு 28, 29ல ஆரம்பிங்க, நாலு லேப் ஓட்டிட்டு உள்ள வந்ததும் சூட்டோட அளங்க, 33, 34 பக்கம் நிக்குற மாதிரி இறக்கிட்டே வாங்க. பின் டயர்ல முன் டயர விட ரெண்டு மூணு பி.எஸ்.ஐ கூட வச்சீங்கன்னா பின்பக்கம் கொஞ்சம் சுலபமா சுத்தும், தள்ளுறது குறையும். டயர் ஓரத்துல வெள்ளை ஷூ பாலிஷ் ஒரு கோடு இழுத்து விடுங்க, எவ்வளவு தூரம் அழிஞ்சிருக்குன்னு பார்த்தா டயர் எவ்வளவு மடங்குதுன்னு தெரியும், பக்கச்சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து பத்தல, டயரோட தோள் (தரையில ஓடுற பகுதியோட ஓரம்) தொடாம இருந்தா காத்து அதிகம். ஒரு நோட்டு வச்சு தேதி, வெயில், காத்து எழுதிட்டு வாங்க. சாயங்காலம் வீட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி மறக்காம காத்து ஏத்திடுங்க, ஆறுன டயர்ல 27 பி.எஸ்.ஐயோட அம்மா அப்பாவ ஏத்திட்டு ஹைவேல போகக்கூடாது.

இப்ப போட்டிருக்கிற டயர் தேயுற வரைக்கும் அதையே ஓட்டுங்க. தேஞ்சதும் அதே சைஸ்ல இன்னொரு செட் வீல் வாங்கி அதுல மட்டும் மிருதுவான ரப்பர் டயர் போட்டு ட்ராக்குக்குன்னு வச்சுக்கோங்க, உங்க காருக்கு 5x100 போல்ட், நடு ஓட்டை 57.1 மி.மீ, அது ரெண்டும் பார்த்து வாங்கணும். பின் சீட்ட மடிச்சா நாலு வீலும் உள்ள அடங்கும். வீல் மாத்துனா டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கமா முறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கணும், முதல் செஷன் முடிஞ்சு வீல் ஆறுனதும் மறுபடி ஒரு தடவை பார்க்கணும். நான் ஒரு தடவை அவசரத்துல இத விட்டுட்டு வீட்டுக்கு கிளம்பி, சிந்தாமணிப்புதூர் தாண்டுறப்ப ஸ்டியரிங் ஆட ஆரம்பிச்சு ஓரங்கட்டி பார்த்தா முன் வீல்ல ரெண்டு போல்ட் கையால சுத்துது. அன்னிக்கு கூட என் பொண்ணு இருந்தா. அதுக்கப்புறம் டார்க் ரெஞ்ச் இல்லாம நான் வீட்ட விட்டு கிளம்புறதே இல்ல.

அலைன்மென்ட் சொல்றேன். உங்க கார் சஸ்பென்ஷன் முன்னாடி ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒண்ணா நிக்கிற தூண்), பின்னாடி ட்விஸ்ட் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே தண்டு), பின்னாடி திருப்பி அட்ஜஸ்ட் பண்ற மாதிரி எதுவும் இல்ல, முன்னாடியும் கம்பெனி செட்டிங்ல டோவத் (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிறது) தவிர பெருசா நகராது. கார் சாயும்போது வெளிப்பக்க முன் டயர் தன் ஓரத்துல ஏறி நிக்குது, அதுக்குத்தான் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கிறது) வேணும், அந்த சாய்வ மாத்த உதவுற கேம்பர் பிளேட் போட்டா ஒன்றரையில இருந்து ரெண்டு டிகிரி வரைக்கும் போகலாம், ரோட்டுலயும் ஓட்டுற காருக்கு அதுக்கு மேல வேண்டாம். நிறைய பேரு கேம்பர் டயர தின்னுடும்னு பயப்படுறாங்க, உண்மையில டயர தின்றது பெரும்பாலும் டோ. டோவ பூஜ்யத்துல வைங்க, டயர் பிழைச்சுக்கும்.

காய்ல்ஓவர ஏன் இப்ப வேண்டாங்கிறேன்னா, வாங்குனவங்க எல்லாரும் முதல்ல பண்றது கார இறக்குறதுதான். உங்க கார் மாதிரி ஸ்ட்ரட் இருக்கிற காருல அதிகமா இறக்குனா கீழ் ஆர்ம் வெளிப்பக்கம் மேல தூக்குன மாதிரி ஆகிடும், அப்ப கார் சாயச் சாய கிடைக்க வேண்டிய கேம்பர் கிடைக்காம திரும்பி போகும், ரோல் சென்டரும் (கார் எந்த புள்ளிய சுத்தி சாயுதோ அது) கார விட அதிகமா கீழ இறங்கிடும், ஸ்ப்ரிங் கெட்டியா இருந்தும் முன்னத விட சாயத்தான் பார்க்கும். ஷாக் நகர இடமில்லாம பம்ப் ஸ்டாப்ல (ஷாக் கடைசியா முட்டி நிக்கிற ரப்பர்) உக்காந்ததும் டயர் பிடிப்பு சடார்னு போகும், நம்ம ஊரு ஸ்பீட் ப்ரேக்கர்ல அடிவயிறு வேற தேயும். 20, 25 மி.மீக்கு மேல இறக்காதீங்க, ஷாக் தேஞ்சு மாத்துற நேரம் வரும்போது ஸ்ப்ரிங்குக்கு பொருத்தமான ஷாக்கோட ஒண்ணா போடுங்க.

சட்டம் ஒண்ணு இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவுப்படி கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து ஆர்.சியில இருக்கிறது மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதியா சொல்லிடுச்சு. அதனாலதான் நான் ஆயில், பேட், அதே சைஸ் வீல்னு கழட்டி மாட்டுறதாவே சொல்லிட்டு வர்றேன், கேம்பர் பிளேட், ஸ்ப்ரிங்குன்னு போனீங்கன்னா முதல்ல ஆர்.டி.ஓல கேட்டுட்டு போங்க. இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து 'லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்'னு இருக்கிற பகுதிய படிங்க, ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங்க்கெல்லாம் பாலிசி கிடையாதுன்னு எழுதியிருக்கும். ட்ராக்குல சுவத்துல தேச்சா உங்க காசுதான். அந்த 2 லட்சத்துல பாதிய அதுக்குன்னு தொடாம வைங்க.

ரோல் கேஜ் (கார் உருண்டா ஆள காக்க உள்ள போடுற இரும்புக் கூண்டு) பத்தி கேக்கல, ஆனா சொல்லிடுறேன். ஹெல்மெட் இல்லாம தினமும் ஓட்டுற காருல தலைக்கு பக்கத்துல இரும்புக் குழாய் இருக்கக்கூடாது, சின்ன மோதல்லயே மண்டை அதுல அடிக்கும். நாளைக்கு போட்டிக்குன்னு எஃப்.எம்.எஸ்.சி.ஐ (இந்தியாவுல மோட்டார் ரேஸ நடத்துற அமைப்பு) லைசென்ஸ் எடுத்து இறங்குறீங்கன்னா அதுக்குன்னு தனி கார் வேணும், ரூல்புக் சொல்ற கேஜ் அதுல போடலாம். ட்ராக் டேக்கு நல்ல முழு ஹெல்மெட், ஒரிஜினல் சீட் பெல்ட், அது போதும். நாலு பாயின்ட் பெல்ட்ட ஒரிஜினல் சீட்ல போடாதீங்க, மோதுனா உடம்பு கீழ வழுக்கி வயித்துல பெல்ட் ஏறும். உள்ள ஃப்ளோர் மேட், தண்ணி பாட்டில், ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாத்தையும் பிட்லயே இறக்கி வைங்க, பெடலுக்கு அடியில ஒரு பாட்டில் உருண்டா முடிஞ்சுது. எஞ்சின் ஆயில் மேல் கோட்டுல இருக்கணும், பெட்ரோல் கால் டேங்குக்கு கீழ போகக்கூடாது, நீளமான திருப்பத்துல பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்.

பவர் கடைசி. உங்க கார்ல 110 குதிரை இருக்கு. நீங்க ஓட்டுற ட்ராக்குக்கு பேரு வச்சிருக்கிற கரிவர்தன், மாருதி 800 எஞ்சின வச்சு ஃபார்முலா மாருதி கார் செஞ்சாரு, 796 சிசி. நாராயண் கார்த்திகேயன் முதல்ல ரேஸ்ல இறங்கினது அந்த மாதிரி கார்லதான், 2005ல அவரு ஃபார்முலா 1 போனாரு. அந்த வண்டியில பவர் கம்மி, அதனால திருப்பத்துல விட்ட வேகத்த நேர் ரோட்டுல எடுக்கவே முடியாது, ஓட்டுறவன் திருப்பத்த கத்துக்கிட்டே ஆகணும். உங்க 1.0ம் 2.1 கிலோமீட்டர் கரி ட்ராக்குக்கு அதே மாதிரி ஒரு வாத்தியார். ரீமேப் பண்ணி நீங்க மறைக்கப் போறது அந்த பாடத்ததான்.

அதனால இந்த மாசம் ப்ரேக் ஆயில மாத்திட்டு, நல்ல காத்து மீட்டர் ஒண்ணு, டார்க் ரெஞ்ச் ஒண்ணு, ஷூ பாலிஷ் ஒண்ணு வாங்கிட்டு அடுத்த ட்ராக் டேக்கு போங்க, வேற எதுவும் மாத்தாதீங்க. ஒவ்வொரு செஷனுக்கும் காத்து எவ்வளவு, பெடல் எப்படி, எந்த திருப்பத்துல தள்ளுச்சுன்னு எழுதி அனுப்புங்க தம்பி, பேட் வேணுமா கேம்பர் பிளேட் வேணுமான்னு அத வச்சு சொல்றேன்.