நாலாவது வரியைக் காட்டுங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயர், ஊர் போட வேண்டாம். நீடாமங்கலம் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயது 42, கொஞ்சம் நிலம் உண்டு, உரக்கடையில் வேலை. 17 வருஷம் குடித்தேன், கடைசி ஆறு வருஷம் தினம் ஒரு ஆஃப், சில நாள் அதற்கு மேலும். அம்மா திவசத்துக்கு மறுநாள் நிறுத்தினேன், இன்று 52ஆவது நாள். முதல் நாலு நாள் வீட்டிலேயே கிடந்தேன், கை நடுங்கியது, சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது, மனைவியிடம் காட்டினேன், அவள் எறும்பே இல்லை என்றாள். அது சரியாகிவிட்டது. இப்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, ராத்திரி திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, செல்போனில் தேடிப் படித்தால் எல்லாமே கடைசிக் கட்டம் என்று வருகிறது. டாக்டரிடம் போனால் திட்டுவார். ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாரும் தெரிந்தவர்கள். ஆறு மாசம் குடிக்காமல் இருந்தால் கல்லீரல் தானாகப் புதுசாகிவிடும் என்கிறார்களே, அதற்கப்புறம் டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட் நன்றாக வரும் இல்லையா? இப்போது எடுத்து எல்லாம் போய்விட்டது என்று சொல்லிவிட்டால் நான் மறுபடி பிராந்திக் கடைக்குத்தான் போவேன், என்னை எனக்குத் தெரியும். வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு சூரணத்தை மோரில் கலந்து தருகிறார்கள், அதையே தொடரலாமா?

இப்படிக்கு,
ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் மஞ்சளாவது, வயிறு ஊதுவது, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, பேச்சு குழறி நிதானம் தவறுவது, நெஞ்சை அடைத்துக்கொண்டு வியர்ப்பது, இதில் எது வந்தாலும் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். நான் மருத்துவன் இல்லை. 14 வருஷமாகக் குடிக்காமல் இருக்கிற ஒரு குடிகாரன், அவ்வளவுதான் என் தகுதி.

அந்த முதல் நாலு நாளை இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதைப் படித்தபோதுதான் பகீரென்றது. தினம் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஜன்னி கண்ட மாதிரி மனம் புரண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் எறும்பு அந்த வாசலில் நின்ற எறும்புதான். நீங்கள் தப்பித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நாளைக்கே தவறிப்போய்க் குடித்து மறுபடி நிறுத்துகிற நிலை வந்தால் (வர வேண்டாம், வரலாம், எனக்கு மூன்று முறை வந்தது) வீட்டில் பாயைப் போட்டுப் படுக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் போய்ப் படுங்கள். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கடுமையாக வரக்கூடும்.

ஆறு மாசக் கணக்குக்கு வருவோம். வெள்ளம் வடிந்து வரப்பெல்லாம் காய்ந்த பிறகு பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வருகிறவர்களைப் பார்த்து நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம். நீங்கள் உங்கள் உடம்புக்கே அதைச் செய்யப் பார்க்கிறீர்கள், அதுவும் கணக்கு நல்லபடியாக வர வேண்டும் என்று. அவ்வளவு காத்திருக்கத் தேவையும் இல்லை. குடியால் வரும் வெறும் கொழுப்புக் கல்லீரல் என்றால் நிறுத்திய சில வாரங்களிலேயே தேற ஆரம்பிக்கிறது. ஜிஜிடி என்று ரத்தத்தில் ஒன்று பார்ப்பார்கள், குடியால் ஏறுகிற கல்லீரல் நொதி அது, குடியை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஆக உங்கள் 52 நாளுக்கான கூலி ஏற்கனவே கொஞ்சம் வந்திருக்கும், போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்று மட்டும், ரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலே கல்லீரல் சரி என்று ஆகிவிடாது, தழும்பு விழுந்த பிறகும் அந்த எண்கள் சாதுவாக இருப்பதுண்டு, அதனால் வயிற்று ஸ்கேனும் எழுதினால் மறுக்காமல் எடுங்கள்.

போய்விட்டது என்று சொல்லிவிட்டால்? சரி, சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சுருக்கம் விழுந்த கல்லீரலோடு இருக்கிறவருக்கும் குடியை விட்டால் ஆயுள் கூடும், விடாதவருக்குக் குறையும். அதாவது மோசமான ரிசல்ட் வந்தால் குடிக்காமல் இருப்பதற்கான காரணம் இன்னும் பெரிதாகிறது. 'இனி என்ன இருக்கு' என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குரல் கேட்குமே, அது கல்லீரலுக்காகப் பேசவில்லை, கடைக்காகப் பேசுகிறது. எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும், ரொம்ப நியாயமாகப் பேசும்.

திட்டுவார் என்கிறீர்கள். திட்டலாம். நான் நிறுத்திய புதிதில் போன ஒரு டாக்டர், 'குடிச்சு அழிச்சுட்டு இங்க எதுக்கு வந்தீங்க' என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். அதற்கடுத்து போன இடத்தில் நான் உஷாராகிவிட்டேன். குடிப்பீங்களா என்றதற்கு, எப்பவாவது, கல்யாணம் கார்த்திகைன்னா, என்றேன். அவர் நம்பி எழுதிக்கொண்டு கேஸ் மாத்திரை கொடுத்தார். எட்டு மாசம் அந்த மாத்திரையைத் தின்றேன். கால் எரிச்சல் முழங்கால் வரைக்கும் ஏறியது. பொய் சொன்னது நான், பழியை அவர்மேல் போட்டு ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன் என்பது தனிக் கதை. கடைசியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் என் மகள் வயதிருக்கும் ஒரு டாக்டரம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'குவாட்டரா, ஆஃபா?' என்று கேட்டார். காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. ஆஃப் என்று வாயில் தானாக வந்துவிட்டது. அன்றைக்குத்தான் சரியான வைத்தியம் ஆரம்பித்தது.

அளவு தெரியாமல் அவர்களால் எதுவும் செய்ய முடியாது, தம்பி. நம்மூர் பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு குவாட்டர், 180 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். உங்கள் ஆஃபில் 120க்கும் மேல். 'கொஞ்சமா' என்று நீங்கள் சொன்னால் அவர் மனசில் வேறு ஏதோ அளவு ஓடும்.

உள்ளங்கால் எரிச்சல். மேட்டூரை ஜூன் 12 திறந்தால் அன்றைக்கே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? நரம்புகளில் நீளமானது பாதத்துக்குப் போவதுதான், அதனால் சத்துக் குறைந்தால் முதலில் காய்வதும் கடைசியில் நனைவதும் அந்தக் கடைமடை. குடிக்கிறவர் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும், அதை மருத்துவர் ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார், குணம் தெரிய மாசக்கணக்கு ஆகும். சர்க்கரை நோயிலும் இதே எரிச்சல் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். உரக்கடை என்பதையும் சொல்லுங்கள், பூச்சிமருந்து புழங்குகிற கை என்றால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

படபடப்புக்கு ஒரு இசிஜி எடுத்துவிட்டால் பாதி பயம் போகும். அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் நிறுத்திய புதிதில் கும்பகோணத்து டிகிரி காபியை ஒன்பது டம்ளர் வரை குடித்துவிட்டு ஹார்ட் அட்டாக் என்று படுத்திருக்கிறேன். தூக்கம் வராது, அது மாசக்கணக்கில் அப்படித்தான் இருக்கும், மெடிக்கலில் தெரிந்தவர் கொடுக்கிறார் என்று தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். ஜீரணத்துக்கு நல்லது என்று அரிஷ்டம் தருவார்கள், அதன் நொதிப்பிலேயே ஆல்கஹால் உண்டு, அதுவும் வேண்டாம்.

விலாவுக்குக் கீழே கனம் என்பதை நான் ஊகிக்கமாட்டேன், அதற்குத்தான் ஸ்கேன். இன்னொன்று, குடி ஒரு நல்ல வலி மறப்பான், நிறுத்தியதும் பத்து வருஷத்து நோவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆஜர் சொல்லும். எனக்கு முதலில் வந்தது பல்.

சூரணம். இதில் எனக்குக் கோபமே வருகிறது, உங்கள் மனைவிமேல் இல்லை, அதை விற்கிறவர்மேல். 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதியிருப்பார்களே, அந்த மாதிரிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஆகாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, அது அந்தப் பொட்டலத்தில் இருந்தாலும் இருக்கலாம். மருத்துவர் சொல்லி, சாப்பிடுகிறவர் தெரிந்து சாப்பிட்டால் அது மருந்து. தெரியாமல் உள்ளே போய், அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். கல்லீரலையும் தாக்கக்கூடும், கால் நரம்பையும் தாக்கக்கூடும். சில மூலிகைகளும் கல்லீரலைக் கெடுக்கும். இன்றைக்கே நிறுத்துங்கள். சண்டை போடாமல், 'எனக்காகத்தானே வாங்கினே, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்பிடுறேன்' என்று பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாவம், அவரும் 17 வருஷம் பயந்திருக்கிறார்.

ஊரில் தெரிந்தவர்கள் என்றால் காலை ரயிலேறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களைத் தேட வேண்டுமென்றால் உங்கள் மனைவிக்கே அரை நாள் ஆகும். பொது மருத்துவத்தில் காட்டிவிட்டு மனநலப் பிரிவுக்கும் போய் வாருங்கள், குடிக்கு வைத்தியம் அங்கேதான், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டமே சொல்கிறது. ராத்திரியில் அந்தக் குரல் பேச ஆரம்பித்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் வாய் கூசும். எனக்கும் கூசியது. உங்கள் கடிதத்தின் நாலாவது வரியில் எல்லாம் இருக்கிறது, எத்தனை வருஷம், எவ்வளவு என்று, ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு தாளில் எடுத்தெழுதி, கடைசியாகக் குடித்த தேதியையும் அந்த எறும்பையும் அதன்கீழே சேர்த்து, மேசைமேல் வைத்துவிடுங்கள். சூரணப் பொட்டலத்தையும் பக்கத்தில் வையுங்கள். திட்டினால் கேட்டுக்கொண்டு, பரிசோதனைச் சீட்டை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். எப்படி வந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்